கப்பலுக்கு அப்பால் சிதம்பரனார்

கொற்கை முத்தின் ஒளியைப் பாடியோர் பலர். அம்முத்துக்காக மூச்சடக்கி மூழ்கியவன் மேனியில் படிந்த உப்பைப் பாடியோர் எத்தனை பேர்? குளித்தவன் கைக்குக் கிடைத்தது என்ன, கரையில் நின்றவன் பைக்குப் போனது என்ன என்று கேட்டால், வரலாறு விடை கூறத் தயங்குவதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார் வளைகுடாவைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அந்தக் கணக்கை எழுதியே வைத்துப் போனார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாமீன் கடிக்காதபடி மந்திரம் ஓதிய பார்ப்பனருக்கு! பகலில் மந்திரத்தால் கட்டிய மீனை இரவில் அவிழ்த்து விட்டுவிடுவார்களாம். நீரில் இறங்கியவன் உயிரைக் கொடுத்தான். வாயைத் திறந்தவர் பங்கைப் பெற்றார்.

வெள்ளையன் வந்தான், பீரங்கி வந்தது, விஞ்ஞானம் வந்தது. ஆனால் ‘கடல்கட்டி’ எனப்பட்ட சுறா மந்திரக்காரன் போகவில்லை. இலங்கைக் கரையில் ஆங்கில அரசே அவனை வேலைக்கு வைத்திருந்தது. மூடநம்பிக்கை என்று அறிந்தும் வைத்திருந்தது. மந்திரம் இல்லையேல் குளியாள் கடலில் இறங்கமாட்டான், இறங்காவிடில் அரசுக்கு வருவாய் இல்லை. மடமையும் ஆதிக்கமும் கைகோத்து நடந்த கடற்கரை அது. 1961க்குப் பிறகு அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

அந்தக் கரையில், “உழைப்பவனுக்குப் பங்கு எங்கே?” என்ற கேள்வியை ஊர் நடுவே நின்று எழுப்பியவர் வ. உ. சிதம்பரனார்.

‘கப்பலோட்டிய தமிழன்’ என்கிறது நாடு. பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் அப்பெயரைத் தட்டின்றிச் சொல்லும். கோரல் ஆலை என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே மௌனமாகும். கப்பலை மறக்கச் சொல்லவில்லை நாம். 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 இலட்சம் மூலதனம் என்று திட்டமிட்டது. பாண்டித்துரைத் தேவர் தலைமை ஏற்றார்; ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ எனும் இரு கப்பல்கள் வந்து, கொழும்புக்கு ஓடின. எதிரியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகக் கூறியது. குடையும் தருவோம் என்றது. இவை பலரும் அறிந்தவை.

பலரும் நோக்காத ஒன்று உண்டு. அந்தப் பிரிட்டிஷ் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் முகவர் யார்? ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனத்தார். கோரல் நூற்பாலையை நடத்தியவர் யார்? அதே ஹார்வி நிறுவனத்தார்! கடலில் கட்டணத்தை வெட்டிய கையும், ஆலையில் கூலியை வெட்டிய கையும் ஒன்றே. முதலாளியோடு முதலாளியாகப் போட்டியிட்ட சிதம்பரனார், தொழிலாளியின் பக்கம் வந்து நின்ற கட்டம் இதுதான்.

1908 பிப்ரவரியில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் நாள்தோறும் கூட்டம் நடத்தினர். விடியுமுன் நுழைந்து இருட்டியபின் வெளியேறும் ஆலைத் தொழிலாளர் அங்கு வந்து கேட்டனர். வார ஓய்வு அவர்கள் அறியாதது. பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைக்குச் செல்லவில்லை. கூலி உயர்வு, வார ஓய்வு, விடுமுறை: இவையே கோரிக்கைகள். அரசைக் கவிழ்க்கும் கோரிக்கை ஒன்றேனும் உண்டா? ஆயினும் காவற்படை வந்து குவிந்தது.

ஊர் என்ன செய்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி. வேலையிழந்தோருக்கு ஊரார் உணவளித்தனர். நாவிதர் வெள்ளையருக்கும் அவர்தம் ஆதரவாளருக்கும் முகம் மழிக்க மறுத்தனர்; சலவைத் தொழிலாளர் துணி வெளுக்க மறுத்தனர். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சாதியின் பெயரால் எவரைக் கடைசிப்படியில் நிறுத்தினார்களோ, அவர்கள் கையிலிருந்த கத்தியும் வெளுப்புக் கல்லும் ஹார்வியின் எதிரே போர்க்கருவிகளாயின. 1889இல் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு வென்ற இலண்டன் துறைமுகத் தொழிலாளிக்கும் இவர்களுக்கும் இடையே ஆயிரமாயிரம் மைல். ஆயினும் பசி ஒன்று, முறை ஒன்று.

ஒன்பது நாளில் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு ஓய்வு நாளாயிற்று, வேலை நேரம் குறைந்தது. வங்கத்தில் அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ ஏடு அவ்வெற்றியைப் பாராட்டி எழுதிற்று.

அரசு பொறுக்குமா? மார்ச் 12 அன்று சிதம்பரனாரும் சிவாவும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வெளியேறினர். இம்முறை கூலிக்காக அன்று, தலைவனுக்காக! திலகருக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தது அதே ஆண்டு ஜூலையில்தான். அரசியல் வேலை நிறுத்தத்தின் வரலாற்றைப் பம்பாயில் தொடங்குவோர், நான்கு மாதம் முந்திய தூத்துக்குடியை ஏன் தாண்டிச் செல்கின்றனர்?

குறையும் கூறவேண்டும். அந்த வெற்றிக்குப் பின் நிலையான சங்கம் ஒன்று எழவில்லை. தலைவன் சிறை புகுந்ததும் தொழிலாளி தனியனானான். பத்தாண்டு கழித்து, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பிறகே அமைப்பு என்பது வந்தது; தொழிற்சங்கத்துக்குச் சட்டக் காப்பு வந்தது 1926இல். சட்டமில்லாக் காலத்தில் சங்கம் காணாத பழியைச் சிதம்பரனார் தலைமேல் மட்டும் ஏற்றல் நேர்மையாகாது. எனினும் அக்குறை அவர் நட்டதைத் தழைக்கவிடவில்லை என்பது உண்மை.

நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்றம் அதைக் குறைத்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். வெளியே அவர் கப்பலோ அதே எதிரிக் கம்பெனிக்கு விற்கப்பட்டது! பங்குதாரர் நாட்டுப்பற்று இலாபக் கணக்கோடு முடிந்தது. பட்டினி கிடந்த ஆலைத் தொழிலாளி காட்டிய உறுதியை அவர்களிடம் காணோம். 1911இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கடிதம் சனாதன தர்மத்துக்காக வருந்தியது. சிதம்பரனார் திரட்டிய கூட்டமோ கூலிக்காகவும் ஓய்வுக்காகவும் நின்றது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவோர் எண்ணிப் பார்க்கட்டும்.

1912 டிசம்பர் 24 அன்று விடுதலையானவரை வரவேற்கக் கூட்டமில்லை. வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார்; அந்நிலையிலும் திரு. வி. க. போன்றோருடன் தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தார். பெரியாரோடு சென்னை மாகாணச் சங்கத்தில் இருந்தார். பார்ப்பனரல்லாதார்க்கு வகுப்புரிமை வேண்டும் என்றார். உரிமை மீண்டபின் மறுபடியும் வழக்காடினார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார். 2011இல் அவ்வூர்த் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கோரல் ஆலையில் அந்த ஒன்பது நாள் நின்றவர்களின் பெயர்களைப் பாடநூல் இன்னும் தேடவில்லை.