ஈவுத்தொகை வழங்கல் விகிதம்

ஈவுத்தொகை வழங்கல் விகிதம் என்பது ஒரு நிறுவனம் ஓராண்டில் ஈட்டிய நிகர இலாபத்தில் எத்தனை விழுக்காட்டைத் தன் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளித்தது என்பதைக் காட்டும் அளவு ஆகும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஈவுத்தொகையைப் பங்காதாயம் என்றும், இலங்கைத் தமிழர் பங்கிலாபம் என்றும் வழங்குவர். பகிர்ந்தது போக எஞ்சுவது நிறுத்தி வைக்கப்பட்ட வருவாய் எனப்படுகின்றது.

பங்குச் சந்தை முதலீட்டாளர்களுக்கு மட்டுமே உரியதாக இவ்விகிதம் கருதப்படுவதுண்டு. ஆயினும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய இடங்களிலுள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வழங்கும் உறுப்பினர்களும் பங்குதாரர்களே. அவர்களைப் பொறுத்தவரை இவ்விகிதம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

கணக்கிடும் முறை

வழங்கல் விகிதம் = (நேர்மைப் பங்குகளுக்கான மொத்த ஈவுத்தொகை ÷ நேர்மைப் பங்குதாரர்களுக்குரிய நிகர இலாபம்) × 100

முன்னுரிமைப் பங்குகளுக்கான ஈவுத்தொகையை நிகர இலாபத்திலிருந்து முதலில் கழித்துவிட வேண்டும். ஒரு பங்குக்கான ஈவுத்தொகையை ஒரு பங்குக்கான வருவாயால் வகுத்தாலும் பெரும்பாலும் இதே விடை கிடைக்கும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வரிக்குப் பிந்தைய நிகர இலாபம் 12 கோடி ரூபாய். முன்னுரிமைப் பங்குகளுக்குச் செல்வது 2 கோடி. 10 ரூபாய் முகமதிப்புள்ள 2 கோடி நேர்மைப் பங்குகள் உள்ளன. நிறுவனம் 20 விழுக்காடு ஈவுத்தொகை அறிவிக்கிறது. அதாவது பங்குக்கு 2 ரூபாய், மொத்தம் 4 கோடி. எஞ்சிய இலாபமான 10 கோடியில் இது 40 விழுக்காடு. பங்குக்கான வருவாய் 5 ரூபாய். 2ஐ 5ஆல் வகுத்தாலும் 40 விழுக்காடே வரும். இப்பங்கு சந்தையில் 80 ரூபாய்க்கு விற்றால், அவ்விலைக்குக் கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் ஈவு 2.5 விழுக்காடு.

ஒரே ஈவுத்தொகை இங்கே 20, 40, 2.5 என மூன்று விழுக்காடுகளாகத் தோன்றுகிறது. முதலாவது முகமதிப்பின் மீதும், இரண்டாவது இலாபத்தின் மீதும், மூன்றாவது சந்தை விலையின் மீதும் கணக்கிடப்பட்டவை. இந்தியாவில் ஈவுத்தொகையை முகமதிப்பின் விழுக்காடாக அறிவிக்கும் வழக்கம் இருப்பதால், "20 விழுக்காடு டிவிடெண்ட்" என்ற செய்தியைப் படிப்போர் இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு தரப்பட்டதாக எண்ணிக்கொள்கின்றனர். வழங்கல் விகிதம் பற்றிய குழப்பங்களில் மிகப் பரவலானது இதுவே.

ஆண்டறிக்கையில் கவனிக்க வேண்டியவை

இடைக்கால ஈவுத்தொகையையும் இறுதி ஈவுத்தொகையையும் கூட்டியே கணக்கிட வேண்டும். இறுதி ஈவுத்தொகையை இயக்குநர் குழு பரிந்துரைக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டம் ஏற்ற பின்னர் அடுத்த நிதியாண்டில்தான் அது வழங்கப்படும். எனவே பணப்பாய்வு அறிக்கையில் காணப்படும் தொகையில் முந்தைய ஆண்டின் இறுதி ஈவும் நடப்பு ஆண்டின் இடைக்கால ஈவும் கலந்திருக்கும். அத்தொகையை நடப்பு ஆண்டின் இலாபத்தால் வகுப்பது பொருந்தாது.

நிலம் விற்றதால் ஓராண்டில் இலாபம் பெருகினால் விகிதம் தாழ்ந்து தெரியும். முந்தைய சேமிப்பிலிருந்து ஈவு வழங்கினால் அது 100 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். நட்டமடைந்த ஆண்டில் விகிதத்தைக் கணக்கிடுவதில் பொருளில்லை. நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கச் செலவிடும் தொகையும் இதில் அடங்காது.

நிறுவனங்கள் எவ்வளவு வழங்குகின்றன

ஈவுத்தொகை வழங்கியே ஆக வேண்டும் என்று இந்திய நிறுவனங்கள் சட்டம், 2013 கூறவில்லை. தேய்மானத்தையும் முந்தைய ஆண்டுகளின் நட்டத்தையும் ஈடுசெய்த பின்னரே வழங்கலாம் என்பதே அதன் விதி. அறிவித்துவிட்டால் 30 நாட்களுக்குள் செலுத்திவிட வேண்டும். மொத்தத்தில் எவ்வளவு என்பது நிருவாகத்தின் முடிவு. நிறுவனங்கள் ஓர் இலக்கு விகிதத்தை மனத்தில் கொண்டு, இலாபம் ஏறும்போது ஈவுத்தொகையைச் சிறிது சிறிதாகவே உயர்த்துகின்றன என்று ஜான் லிண்ட்னர் 1956இல் எழுதினார். ஒருமுறை உயர்த்தியதைக் குறைக்க நேர்வதை நிருவாகிகள் அஞ்சுவதே இதற்குக் காரணம்.

நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறி உண்டு. 2024 நவம்பரில் திருத்தப்பட்ட நெறியின்படி, நிகர இலாபத்தில் 30 விழுக்காடு, நிகர மதிப்பில் 4 விழுக்காடு ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதுவே குறைந்தபட்ச ஈவுத்தொகை. 2016ஆம் ஆண்டு நெறியில் இரண்டாவது அளவு 5 விழுக்காடாக இருந்தது. கள்ளக்குறிச்சிக்கு அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் இயங்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் இத்தகைய பொதுத்துறை நிறுவனமாகும். 2024 மார்ச்சில் 7 விழுக்காட்டுப் பங்குகளை விற்ற பின்னரும் அதில் சுமார் 72 விழுக்காடு நடுவண் அரசிடமே இருந்தது. ஆதலால் அங்கே வழங்கப்படும் ஈவின் பெரும்பகுதி அரசுக் கருவூலத்திற்குச் செல்கிறது.

இந்நெறியில் ஒரு நுட்பம் உள்ளது. நிகர மதிப்பு 10,000 கோடியாகவும் இலாபம் 1,000 கோடியாகவும் உள்ள நிறுவனம் 300 கோடி அல்ல, 400 கோடி வழங்க வேண்டும். விகிதம் 40 விழுக்காடு. இலாபம் 800 கோடியாகக் குறைந்தாலும் அதே 400 கோடிதான். விகிதமோ 50 விழுக்காடாக ஏறிவிடும். உயர்ந்த விகிதம் நல்ல ஆண்டின் அடையாளம் என்று கொள்ள இயலாது.

கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில்

கூட்டுறவு ஆலையின் பங்கு மூலதனத்தில் கரும்பு விவசாயிகளுடன் மாநில அரசும் பங்கு கொள்கிறது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 நிகர இலாபத்தைப் பிரிக்கும் முறையை வரையறுக்கிறது. காப்பு நிதி, கூட்டுறவுக் கல்வி நிதி, கூட்டுறவு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி நிதி ஆகியவற்றிற்கு ஒதுக்கிய பின்னரே ஈவுத்தொகை. அதற்கும் உச்சவரம்பு உண்டு. இலாபம் எவ்வளவு பெருகினும் பங்கு மூலதனத்தின் மீதான ஈவு அவ்வரம்பைத் தாண்டாது.

இதைக் கண்டு விவசாயி வஞ்சிக்கப்படுவதாக முடிவு செய்துவிடலாகாது. விவசாயி ஆலைக்குப் பங்குதாரர் மட்டுமல்லர், மூலப்பொருள் தருபவருமாவார். கரும்பு விலை ஆலைக் கணக்கில் செலவாக எழுதப்படுகிறது. அதாவது இலாபம் கணக்கிடப்படும் முன்னரே அது விவசாயியைச் சென்றடைய வேண்டிய பணம். 5,000 ரூபாய்க்குப் பங்குகள் வைத்துள்ள ஒருவர் ஆண்டுக்கு 100 டன் கரும்பு வெட்டி அனுப்புவதாகக் கொள்வோம். ஆலை 10 விழுக்காடு ஈவு அறிவித்தால் அவருக்கு 500 ரூபாய் கிடைக்கும். மாறாக டன்னுக்கு 100 ரூபாய் கூடுதல் விலை கொடுத்தால் 10,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் ஆலையின் இலாபம் குறைந்து, ஈவுத்தொகையே இல்லாமலும் போகலாம். வழங்கல் விகிதம் சுழியமாக உள்ள ஆண்டு விவசாயிக்கு நல்ல ஆண்டாக இருத்தல் கூடும்.

கரும்புக்கான நியாயமான ஆதாய விலையை நடுவண் அரசு அறிவிக்கிறது. 2025-26 பருவத்திற்கு 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு 355 ரூபாய் என அது நிர்ணயிக்கப்பட்டது. இலாபத்தில் பங்கு தரும் ஏற்பாடும் முன்னர் இருந்தது: பார்கவா ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 1974இல் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்க்கப்பட்ட 5அ பிரிவு, ஆலையின் மிகை இலாபத்தை விவசாயிகளுடன் பகிர வகை செய்தது. 2009இல் ஆதாய விலை முறை வந்தபோது அப்பிரிவு நீக்கப்பட்டது. 2012இல் ரங்கராஜன் குழு பரிந்துரைத்தது இலாபப் பகிர்வு அன்று, வருவாய்ப் பகிர்வு. இலாபம் என்பது செலவுக் கணக்கை எழுதுபவரின் கையில் இருப்பது; விற்ற சர்க்கரையின் மதிப்பை அவ்வாறு எளிதில் சுருக்க இயலாது.

கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் விலையைச் செலுத்த வேண்டும் என்றும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்றும் மேற்கூறிய ஆணை விதிக்கிறது. எனவே ஓர் ஆலையின் ஈவுத்தொகையை ஆராய்வோர் நிலுவையிலுள்ள கரும்புப் பணத்தையும் இருப்புநிலைக் குறிப்பில் பார்த்தல் வேண்டும். நிலுவை இருக்கையில் அறிவிக்கப்படும் ஈவு, விவசாயியிடம் பெற்ற கடனிலிருந்து வழங்கப்படும் ஈவே ஆகும்.

மலைவாழ் மக்கள் சங்கங்களில்

பழங்குடியினருக்கான பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் லேம்ப் சங்கங்கள் என அழைக்கப்படுகின்றன. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் கடுக்காய் போன்ற சிறு வனப் பொருட்களுக்கும் மேற்சொன்ன கணக்கே பொருந்தும். உறுப்பினர் செலுத்தும் பங்குத் தொகை மிகச் சிறிது. அதன் மீதான ஈவைவிட, காய் எடைபோடப்படும்போது கையில் கிடைக்கும் விலையே அவருக்கு வருமானம். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் தொடங்கப்பட்ட கூட்டுறவுக் கடை, உபரியைப் பங்குகளின்படி அல்லாமல் ஒவ்வொருவரும் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பிரித்தது. அம்முறையைப் பின்பற்றும் சங்கம் கொள்முதல் அளவுக்கேற்ப மேலூதியம் தருமாயின், அத்தொகையையும் ஈவுத்தொகையுடன் கூட்டி, அதைக் கழிப்பதற்கு முந்தைய உபரியால் வகுத்தால்தான் உறுப்பினர்களைச் சென்றடைந்த உண்மையான பங்கு தெரியவரும்.