கையெழுத்தும் கணக்கும்: 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை எடைபோடுதல்

திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பாலராம வர்மா தம் பிறந்தநாளையொட்டி 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அரசின் பொறுப்பிலிருந்த கோயில்களில் எந்த இந்துவையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் பத்மநாபசுவாமி கோயிலும் இதில் அடங்கியது. தனியார் கோயில்கள் அடங்கவில்லை. இது மனமாற்றமா, திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ராஜதந்திரமா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ராஜதந்திரம் என்போர் பக்கம் சான்று வலுவாகவே இருக்கிறது. 1924–25 வைக்கம் போராட்டம் கோயிலைச் சுற்றிய தெருக்களோடு நின்றது. 1932இல் வி. எஸ். சுப்பிரமணிய ஐயர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவும் கோயில் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. இடையில், கோயிலுக்குள் விடப்படாத ஈழவர் சாதியின் தலைவர்கள் மதமாற்றம் என்ற வேறொரு வழியைப் பேசத் தொடங்கினர். சி. கிருஷ்ணன் பௌத்தத்தைக் காட்டினார், சி. வி. குஞ்ஞுராமன் கிறிஸ்தவத்தை. 1935 அக்டோபரில் அம்பேத்கர் இயோலாவில் ‘இந்துவாகச் சாகமாட்டேன்’ என்று அறிவித்ததும் அந்தப் பேச்சு அரண்மனையின் தூக்கத்தைக் கெடுத்தது. சாஸ்திரத்தைக் கேட்ட குழுவிடம் கிடைக்காத பதில், ‘நாங்கள் வெளியேறினால் என்ன ஆகும்’ என்று கேட்டதும் கிடைத்துவிட்டது.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் இந்த வழக்கில் பாதியைத் தள்ளுபடி செய்திருப்பார். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் இருந்தவர் அவர்; இந்தியச் சமஸ்தானங்கள் குறித்த கடிதங்கள் நெடுங்காலம் அவர் மேசையில்தான் தயாராயின. தண்ணீரில் மூழ்குபவனைக் காப்பாற்றியவன் கடமைக்காகச் செய்தாலும் கூலிக்காகச் செய்தாலும் செய்தது சரியே என்பது 1861இல் அவர் வைத்த வாதம். உள்நோக்கம் ஆளின் தரத்தைச் சொல்லும். செயலின் தரத்தை அல்ல. (இந்தக் கொள்கைக்கு விளைவுவாதம் என்று 1958இல் பெயர் சூட்டிய தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் அதைப் பாராட்டச் சூட்டவில்லை, சாடவே சூட்டினார்.)

அப்படியானால் விளைவைப் பார்ப்போம். 1937 ஜனவரியில் காந்தி திருவிதாங்கூர்க் கோயில்களுக்கு வந்து கொண்டாடினார். மதமாற்றப் பேச்சு அடங்கியது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார்களையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். உள்ளே போனவர்களைக் காக்க சென்னை அரசு பிறகுதான் சட்டம் செய்தது. பக்கத்துக் கொச்சியோ சுதந்திரம் வரும்வரை அசையவில்லை. கருவறைப் பூசை இன்னும் தாமதம்: திருவிதாங்கூர் தேவசம் வாரியம் தலித்துகளை அர்ச்சகர்களாக நியமித்தது 2017இல். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் இன்றும் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. பேண்ட் போட்டு வந்தவர் வாசலில் அதன்மேல் வேட்டி சுற்றிக்கொண்டுதான் போகிறார். ஆசாரத்தைக் காக்க விதி வகுக்கலாம் என்று பிரகடனமே இடம் வைத்திருந்தது.

ஆக, கணக்கை எந்த ஆண்டில் முடிக்கிறோமோ அதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. விளைவுவாதத்தின் பலவீனம் இங்கேதான். எங்கே தொடங்குகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம் என்பேன். பல ஆய்வுகள் மகாராஜாவின் பேனாவிலிருந்து தொடங்குகின்றன. ஆனால் 1896இலேயே ஈழவர் தலைவர் டாக்டர் பல்பு அரசிடம் கொண்டுபோன மனுவில் 13,176 ஈழவர்களின் கையெழுத்து இருந்தது. அதில் அவர்கள் கேட்டது கோயிலை அல்ல. பள்ளிக்கூடத்தையும் அரசு வேலையையும்.