சென்டினல் (எஃப்.பி.ஐ. மென்பொருள்)

அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினியில் பராமரிக்கும் மென்பொருள் சென்டினல். 2012 ஜூலை 1 அன்று அமைப்பு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஒரே அரசுத் திட்டத்தில் அருவி முறையும் அஜைல் முறையும் அடுத்தடுத்துக் கையாளப்பட்டதால், மென்பொருள் உருவாக்கத்தைக் கற்போர் இதை விரிவாகப் படிப்பது நல்லது.

இதற்கு முந்தைய முயற்சி ‘விர்ச்சுவல் கேஸ் ஃபைல்’. 2001-இல் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்திடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. தேவைகள் ஓயாமல் மாறின. சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-இல் அது கைவிடப்பட்டது.

சென்டினலுக்கான ஒப்பந்தம் 2006 மார்ச்சில் லாக்ஹீட் மார்ட்டினுக்குக் கிடைத்தது. அருவி முறையில் நான்கு கட்டங்களாக நடந்து, 2009 டிசம்பரில் பணி முடிய வேண்டும். தேவைகளை எல்லாம் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் பெற்று, வடிவமைத்து, நிரல் எழுதி, இறுதியில் சோதிப்பது அருவி முறை. ஒப்பந்தம் போடவும் தணிக்கை செய்யவும் அது வசதி. அரசு அலுவலகங்கள் அதை விடாமல் பிடித்திருந்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் பிழை கண்ணில் படுவதற்குள் பணம் கரைந்துவிடுகிறது. 2010 ஆகஸ்டில், 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் 40.5 கோடி செலவாகியிருந்தது. முடிந்தவை இரண்டே கட்டங்கள். இதே போக்கில் போனால் இன்னும் ஆறு ஆண்டுகளும் சுமார் 35 கோடி டாலரும் தேவைப்படலாம் என்று மைட்டர் நிறுவனம் கணித்தது.

அடுத்த மாதமே எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தானே ஏற்றது. ஒப்பந்தப் பணியாளர்கள் பெருமளவு குறைக்கப்பட்டனர். அஜைல் முறைப்படி, வேலை ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் இரண்டு வாரச் சிறு தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றின் முடிவிலும் இயங்கும் மென்பொருளைக் காட்டியாக வேண்டும். வெற்றிக்கு அஜைல் மட்டுமே காரணம் என்பது பாதி உண்மை. எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒப்பந்தத் தாளிலிருந்து மென்பொருளைப் பயன்படுத்தும் அமைப்புக்கே திரும்பியது. அதற்கும் சமமான பங்கு உண்டு.

புதிய முறையிலும் தாமதம் நேர்ந்தது. 2011 செப்டம்பர் என்ற இலக்கு தவறியது. அவ்வாண்டு நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு நடத்திய ஒத்திகையில் மென்பொருள் இருமுறை முடங்கியது. பழைய வன்பொருள் சுமையைத் தாங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை மேம்படுத்திய பிறகே வெளியீடு சாத்தியமாயிற்று.

பயன்பாட்டுக்கு வந்தபின் நீதித் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பயனர்களிடம் கருத்துக் கேட்டு 2014-இல் அறிக்கை வெளியிட்டது. தகவல் பகிர்வு மேம்பட்டதாகப் பெரும்பாலோர் கூறினர். தேடல் வசதியிலும், பெயர்களையும் விவரங்களையும் அட்டவணைப்படுத்தும் வேலையிலும் அவர்களுக்கு நிறைவில்லை.