பெயர் சுட்டாமை போதுமா?

நெடுநல்வாடையில் பாட்டுடைத் தலைவனின் பெயர் எங்கும் வருவதில்லை. ஆயினும் வேலின் தலையில் கட்டிய வேம்பு, அவன் பாண்டியன் என்பதை உணர்த்திவிடுகிறது. அவ்வடையாளப் பூ இடம்பெற்றமையால் அப்பாட்டை அகமெனக் கொள்ள நச்சினார்க்கினியர் உடன்படவில்லை. பெயரை மறைத்தாலும் ஆள் மறைவதில்லை என்னும் இந்நுட்பத்தைக் கணினிக் காலம் மீண்டும் ஒருமுறை கற்க வேண்டியதாயிற்று.

1990களின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர் காப்பீட்டு ஆணையம், ஊழியர்களும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 1,35,000 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆய்வுக்கு வழங்கியது. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்தன; பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் எஞ்சியிருந்தன. எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாயிருந்த லடான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதே மூன்று விவரங்கள் அதில் பெயரோடு இருந்தன. அந்நகரில் வசித்த ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியை உடையோர் பட்டியலில் அறுவர். அவருள் ஆண்கள் மூவர். அவரது அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு எதுவெனத் தெரிந்துவிட்டது.

1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு, அமெரிக்கருள் 87 விழுக்காட்டினரை இம்மூன்று விவரங்களே தனித்துக் காட்டக்கூடும் என ஸ்வீனி மதிப்பிட்டார். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து 2006இல் பிலிப் கோல் கண்ட அளவு 63 விழுக்காடு. குறைந்த எண்ணையே ஏற்றாலும் பாதிக்கு மேற்பட்டோர் மறைவின்றி நிற்கின்றனர். 2000 இறுதியில் வெளிவந்த அமெரிக்க மருத்துவத் தனியுரிமை விதிகள், அடையாளம் நீக்கும் முறைகளுள் ஒன்றாக, பிறந்த ஆண்டையும் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களையும் மட்டும் விட்டுவைக்கச் சொல்லின.

2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பேரின் 2 கோடித் தேடல்களை, பெயருக்குப் பதில் எண்ணிட்டு ஆய்வுக்கென வெளியிட்டது. தேடிய சொற்களிலேயே ஊரும் குடும்பப் பெயரும் இருந்தமையால், சில நாள்களில் நாளேடொன்று ஒரு பெண்மணியின் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. நிறுவனம் கோப்பை நீக்கியது. படிகள் அதற்குள் பரவிவிட்டிருந்தன.

நோயின் போக்கை அறியப் பலரது பதிவுகள் வேண்டும். அவற்றைப் பூட்டிவைப்பது தீர்வாகாது. ஆனால் அவை மருத்துவரிடம் நம்பிச் சொல்லப்பட்டவை; வெளியே போனபின் திரும்பப் பெற இயலாதவை. ஆகவே வெளியிடுமுன், எஞ்சியிருப்பவற்றுள் வேம்பு எது எனத் தேடும் உரையாசிரியக் கண் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் வேண்டும் என்போம் நாம்.