வர்ணமெட்டு

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சண்டை மூண்டது. சம்பந்திச் சண்டை அல்ல. அது வழக்கப்படி முதல் நாள் ராத்திரியே நடந்து முடிந்துவிட்டது. இது பாட்டுச் சண்டை. நாதஸ்வரக்காரர் ஒரு சினிமாப் பாட்டை வாசித்தார். "இது பழைய ஹிந்திப் பாட்டு, ஐயா! அப்படியே காப்பி!" என்றார் பெண்ணுக்கு மாமா. "ஹிந்திக்காரன் மட்டும் என்ன? அவன் வெள்ளைக்காரனிடம் திருடினான்" என்றார் பிள்ளைக்குச் சித்தப்பா. பிறகு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கதை எழுதுகிறவனுக்குத் திருட்டைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

நான் வாயில் இருந்த வெற்றிலையைச் சாக்கிட்டுத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் ஊர் திரும்பியதும் பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கி, என் பாட்டியின் பாட்டு நோட்டைத் தேடி எடுத்தேன். ஓரமெல்லாம் செல்லரித்துப் போயிருந்தது. எழுத்து மட்டும் முத்து முத்தாக அப்படியே இருந்தது. கும்மி, ஊஞ்சல், நலங்கு, முருகன் பேரில் பத்துப் பன்னிரண்டு பதங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில் ஒரு வரி: 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு.'

பாட்டிக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அந்த மேல் வரியைப் பார்த்த மாத்திரத்தில் பழைய பாட்டு தொண்டையில் வந்து நிற்கும். அதன் முதுகில் புதிய சாகித்யத்தை ஏற்றி ஓட்டிவிட வேண்டியதுதான். அந்தக் காலத்து நாடகப் பாட்டுப் புஸ்தகங்களிலும் இதே வழக்கம் உண்டு. பார்ஸி நாடகக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த மெட்டில் வள்ளியும் முருகனும் தர்க்கம் பண்ணினார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. மெட்டை வாங்கியவன் வாங்கிய கடையின் பெயரைப் பாட்டின் நெற்றியிலேயே ஒட்டிவைத்திருந்தான் அல்லவா?

இந்த மேல் வரியின் சூட்சுமத்தை முழுதும் அறிந்தவர் பாரதியார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனைப் பண்ணைக்கார வேதியர் ஏளனம் செய்து விரட்டுகிற பாட்டு ஒன்று உண்டு. அந்த நாளில் அது தெரியாத தமிழர் குறைவு. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த சமயத்தில் பாரதியார் அதே மெட்டை எடுத்தார். கருத்தையும் சேர்த்தே எடுத்தார். வேதியர் இருந்த இடத்தில் இங்கிலீஷ் அதிகாரியை உட்கார வைத்தார். நந்தன் கைகட்டி நின்ற இடத்தில் சுயராஜ்யம் கேட்ட பாரதவாசியை நிறுத்தினார். இன்ன பாட்டின் வர்ணமெட்டையும் கருத்தையும் பின்பற்றியது என்ற குறிப்போடுதான் அது அச்சில் வருகிறது. குறிப்பை அடித்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடும். மேடைக்கு எதிரே முதல் வரிசையில் அமர்ந்து கேட்ட மேல்சாதிக் கனவானுக்கு, 'இன்று நீ நிற்கிற இடம் நேற்று நந்தன் நின்ற இடம்' என்று சொன்னது சாகித்யம் அல்ல, மெட்டுத்தான். இதைவிடக் கூர்மையாக இரவல் வாங்கியவர் இன்னொருவர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு நூறு வருஷம் பின்னால் போனால் முத்துஸ்வாமி தீக்ஷிதர் இருக்கிறார். 1775இல் திருவாரூரில் பிறந்தவர். வாலிபத்தில் சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சில காலம் இருந்தார். கோட்டையில் இங்கிலீஷ் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்ததை அப்போது கேட்டார். தம்பி பாலுஸ்வாமி அங்கேதான் பிடிலைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். அண்ணா மெட்டுக்களைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரணத்தில், சம்ஸ்கிருத சாகித்யத்தோடு. அயர்லாந்தில் மால்லோ என்ற ஊரின் குடிகார உல்லாசிகளைப் பற்றிய ஆட்டப்பாட்டு ஒன்று தீக்ஷிதர் கையில் மதுரை மீனாட்சியின் துதியாகிவிட்டது! இங்கிலீஷ் ராஜகீதம் சியாமளா தேவியின் பேரில் பாட்டாயிற்று. இவற்றுக்கு 'நோட்டுஸ்வரம்' என்று பெயர். 'நோட்டு' என்பது இங்கிலீஷ் வார்த்தை. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரே ஒப்புக்கொண்டுவிடுகிறது. மேல் வரி கூட வேண்டியதில்லை.

அந்த ராஜகீதத்தின் பூர்வோத்தரமோ பெரிய வேடிக்கை. 1745இல் லண்டன் நாடகசாலைகளில் அது பிரசித்தியாயிற்று. யார் போட்ட மெட்டு என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஜெர்மானியர் அதே மெட்டில் தங்கள் சக்கரவர்த்தியைப் பாடினார்கள். அமெரிக்கர்கள், இங்கிலாந்து ராஜா வேண்டாம் என்று யுத்தம் செய்து பிரிந்துபோன அமெரிக்கர்கள், 1831இல் அதே மெட்டில் தங்கள் தேசத்தைப் பாடினார்கள். 1914இல் யுத்தம் மூண்டபோது இங்கிலீஷ் சிப்பாயும் ஜெர்மன் சிப்பாயும் ஒரே மெட்டைப் பாடிக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டார்கள். எவனும் எவன் பேரிலும் மெட்டுக்காக வழக்குப் போடவில்லை.

இப்படியெல்லாம் இருந்த உலகத்தில் மேல் வரியைக் கிழித்துவிட்டால் என்ன ஆகும்? மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் நான் சொல்லியிருக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. அது தென்னாப்பிரிக்காவில் நடந்தது.

சாலமன் லிண்டா 1909இல் ஜுலு நாட்டில் பிறந்தவர். பிழைப்புக்காக ஜோஹானஸ்பர்க் வந்தார். ஓய்வு நேரத்தில் நாலைந்து கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பாடினார். 1939இல் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியின் அறையில் அவர்கள் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். ஜுலு பாஷையில் அதற்குச் சிங்கம் என்று அர்த்தம். சிறுவனாக மாடு மேய்த்த நாளில் கன்றைக் கவ்வ வந்த சிங்கத்தை விரட்டிய நினைவில் பிறந்த பாட்டு என்பார்கள். கூட்டாளிகள் அடிக்குரலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாட, லிண்டா மேல் ஸ்தாயியில் தம் இஷ்டப்படி சஞ்சாரம் செய்தார். மூன்றாவது தடவை பதிவு செய்யும்போது, கடைசியில், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் ஒரு பிடி அவர் தொண்டையிலிருந்து வந்தது. சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளைத்தான் பின்னால் உலகம் முழுவதும் முணுமுணுத்தது.

பாட்டின் உரிமைக்கு லிண்டா வாங்கிய தொகை 10 ஷில்லிங். தட்டு ஆப்பிரிக்காவில் சுமார் ஒரு லட்சம் விற்றது. அந்த மாதிரிப் பாடுகிற முறைக்கே 'ம்பூபே' என்று பெயர் வந்துவிட்டது. லிண்டாவோ அதே கம்பெனியில் தட்டுக்களைக் கட்டி அனுப்பும் வேலையில் இருந்தார்.

அந்தத் தட்டு கப்பலேறி அமெரிக்காவில் பீட் சீகர் என்ற பாடகரின் கைக்குக் கிடைத்தது. நல்ல மனிதர், ஏழைகளின் பக்கம் நின்றவர். ஜுலு பாஷை மட்டும் தெரியாது. 'உயிம்பூபே' என்ற சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. 1952இல் சீகரின் கோஷ்டி அதை 'விமோவே' என்றே பாடி வெளியிட, பாட்டு பிரமாத வெற்றி. தட்டில் போட்ட பெயர் பால் காம்ப்பெல். யார் இந்த பால் காம்ப்பெல் என்று கேட்காதீர்கள்; அப்படி ஓர் ஆசாமி பிறக்கவே இல்லை. யாருடையதும் அல்ல என்று கருதப்பட்ட நாட்டுப் பாட்டுக்களுக்கு ராயல்டி வாங்க அந்தக் கோஷ்டியார் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பச் சீகர் ஏற்பாடு செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தர்மம், உரிமை அல்ல.

1961இல் இன்னொரு கோஷ்டி வந்தது. லிண்டாவின் தொண்டையில் தானாக வந்த அந்தப் பிடிக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் போட்டார்கள். காட்டிலே சிங்கம் தூங்குகிறதாம்! அடர்ந்த காடு சிங்கத்தின் வாசஸ்தலம் அல்ல, அது புல்வெளிப் பிராணி. விரட்ட வேண்டிய சிங்கத்தைத் தாலாட்டித் தூங்கவும் வைத்துவிட்டார்கள். பாட்டு அமெரிக்காவில் முதல் ஸ்தானத்துக்கு ஏறிற்று. மறு வருஷம், 1962இல், சிறுநீரகக் கோளாறினால் லிண்டா காலமானார். வங்கியில் அவர் பெயரில் இருந்தது 25 டாலருக்கும் குறைவு. சொவெட்டோவில் அவர் வீட்டுத் தரை சாணம் மெழுகியது. கல்லறைக்குக் கல் நாட்ட அவர் மனைவியால் 18 வருஷம் முடியவில்லை. தம் பாட்டு கடல் கடந்து ஒலிக்கிறதென்று அப்பா சந்தோஷப்பட்டார், பணம் வரவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது என்று அவர் பெண்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

1994இல் டிஸ்னி கம்பெனியின் சிங்கராஜா படத்தில் பாட்டு மறுபடி வந்தது. 2000இல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ரயன் மாலன் இந்தக் கதையை விஸ்தாரமாக எழுதினார். பாட்டு அதுவரை சம்பாதித்திருக்கக்கூடியது ஒன்றரைக் கோடி டாலர் என்று அவர் மதிப்பிட்டார். பிறகு ஒரு வழக்கறிஞர் பழைய சட்டப் புஸ்தகத்தைப் புரட்டி, 1911ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சட்டத்தில் ஒரு ஷரத்தைக் கண்டுபிடித்தார். ஆசிரியர் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 வருஷம் ஆனதும் அது வாரிசுகளுக்குத் திரும்பிவிடும் என்பது அதன் சாரம். ராஜகீதம் பாடிக்கொண்டு ஜுலு நாட்டைப் பிடித்தவர்கள் போட்ட சட்டம், ஜுலுக்காரரின் பெண்களுக்குக் கைகொடுத்தது! கணக்குப்படி 1987இலேயே உரிமை அவர்களுடையதாகிவிட்டிருந்தது. 2004இல் டிஸ்னியின் பேரில் வழக்குத் தொடுத்தார்கள். 2006 பிப்ரவரியில் சமரசமாயிற்று. 1987 முதல் உள்ள பங்கும் இனி வரும் பங்கும் குடும்பத்துக்கு என்று முடிவாயிற்று.

சமரசத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. தூங்கும் சிங்கத்தின் பாட்டு 'ம்பூபே'யிலிருந்து பிறந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை இயற்றியவர்களில் ஒருவராகச் சாலமன் லிண்டாவின் பெயர் போட வேண்டும். என் பாட்டி காசு பணம் இல்லாமல், கோர்ட்டுப் படி ஏறாமல், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எழுதிவைத்த அந்த ஒரு வரிதான். அது அச்சேற 67 வருஷம் பிடித்தது. லிண்டாவின் பெண்களில் ஒருத்தி அதைப் பார்க்காமல் 2001லேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.