எல்லை ஊரும் இரு நோய்களும்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் பெருவழியில், கர்நாடக மாநிலத்தின் எல்லை முடியுமிடத்தில் அத்திபெலே என்னும் ஊர் இருக்கிறது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் தொழிற்பேட்டை உண்டு. ஓசூர்ப் பக்கத்திலிருந்து காலையில் வேலைக்கு வந்து மாலையில் திரும்புவோரும், தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் நால்வர் ஐவராகத் தங்கியிருப்போரும் இங்கே பலர். சரக்கு லாரிகள் ஓயாமல் கடந்து செல்கின்றன. வணிகவரிச் சாவடி 2017ஆம் ஆண்டில் சரக்கு, சேவை வரி வந்தபோது எடுபட்டுவிட்டது. ஆயினும், ஒரு மாநிலத்து நிர்வாகம் முடிந்து மற்றொன்று தொடங்கும் கோடு இதுவே என்பது மாறவில்லை. ஓட்டமும் பெயர்ச்சியுமான இத்தகைய ஊரை மனத்திற்கொண்டு, காசநோயும் எச்.ஐ.வி. தொற்றும் ஒருவரிடத்திலேயே சேர்ந்து காணப்படுவதன் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவ்வரலாற்றின் முக்கியமான ஏடுகள் சிலவற்றை எழுதிய நகரங்கள் சென்னையும் பெங்களூரும் ஆகும். அத்திபெலே அவ்விரண்டையும் இணைக்கும் சாலையில்தான் இருக்கிறது.

நாம் மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவராதலால், முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். காசநோயை நம் முன்னோர் எலும்புருக்கி என்றனர். வடமொழி வழியில் க்ஷயம் என்றும், தமிழ் ஒலிக்கேற்பச் சயம் என்றும் வழங்கினர். வெற்றியைக் குறிக்கும் ஜயமும் தமிழில் சயம் என்றே வரும். ஒரே சொல் நோயையும் வெற்றியையும் குறிப்பது அகராதிக்காரர்களுக்கு வேடிக்கை, மொழிபெயர்ப்பாளருக்குத் தொல்லை.

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் இந்நோய்க்குச் சிகிச்சை என்பது நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே. 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து அவ்வகைச் சிகிச்சைக்காக ஓர் ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். அவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் இத்தகைய நிலையமொன்றை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் அங்கே நோயாளியாகத் தங்கியதுண்டு. (இராமானுஜனுக்கு வந்தது காசநோயன்று, ஈரலைப் பற்றிய வேறொரு நோய் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.) தாம்பரத்து நிலையத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இவ்விடத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் மீண்டும் இங்கே வருவோம்.

ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோநயாசிட் முதலிய மருந்துகள் 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் வந்து சேர்ந்தன. ஆனால் நோயாளிகளோ இலட்சக்கணக்கில். மருத்துவமனைப் படுக்கைகளோ மிகச் சில. அவ்வளவு பேரையும் எங்கே கிடத்துவது? இக்கேள்விக்கு விடை காண்பதற்காகவே 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் ஆய்வை முன்னின்று நடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும், மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டுக் காலம் கொடுத்தனர். வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு? ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுதும் உறங்கும் வீடு. போதிய உணவும் ஓய்வும் கிடைக்காத வீடு. அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் வீட்டில் இருந்தோருள் நூற்றுக்கு 86 பேரும், நிலையத்தில் இருந்தோருள் 92 பேரும் நோய் அடங்கிய நிலையை எய்தியிருந்தனர். நோயாளியுடன் வீட்டில் வாழ்ந்தோர்க்கு அதனால் கூடுதலான தீங்கு நேரவில்லை என்பதையும் பின்னர் ஆண்டுக்கணக்காகக் கண்காணித்து உறுதி செய்தனர். 1959இல் வெளியான இவ்வாய்வு உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்களின் காலத்தை முடித்து வைத்தது என்றால் அது மிகையன்று. படுக்கையைத் தேடி நோயாளி போவது நின்று, நோயாளி இருக்குமிடத்திற்கு மருந்து போகத் தொடங்கியது.

அதே 1959ஆம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். பல்லாரிச் சாலையில் அவலான் என்னும் மாளிகை வளாகம் அதற்கு இடமாயிற்று. இந்நிறுவனத்தார் துமக்கூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சென்று விசாரித்தபோது ஒரு வியப்பான செய்தி வெளிப்பட்டது. படிப்பறியாத நாட்டுப்புறத்து மக்கள் தமக்கு நோய் வந்ததை அறியாமல் இருக்கிறார்கள் என்பதே அதுவரை பெரியோர் பலரின் எண்ணம். டாக்டர் பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட ஆய்வோ, நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கோளாறு இருப்பதை உணர்ந்திருந்தனர் என்றும், பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே மருத்துவம் நாடிச் சென்றிருந்தனர் என்றும் காட்டியது. சென்றவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்துப் புட்டி. அறியாமை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம். இவ்வாராய்ச்சிகளின் அடிப்படையில் 1962இல் உருவான தேசிய காசநோய்த் திட்டம், மாவட்டத்துப் பொது மருத்துவமனைகளிலேயே சளியைச் சோதித்து மருந்து கொடுக்கும் முறையை வகுத்தது.

சென்னை நிலையம் மேலும் ஒரு படி சென்றது. நாள்தோறும் மருந்துண்ணல் பலருக்கு இயலாதாகலின், வாரம் இருமுறை கண்ணெதிரே மருந்து கொடுத்தாலும் போதும் என்று 1964இல் ஓர் ஆய்வின் வாயிலாகக் காட்டியது. இடைவிட்டு மருந்து கொடுக்கும் முறை அவ்வழியே உலகெங்கும் பரவியது. இக்கருத்தையும் நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

அடுத்து 1986ஆம் ஆண்டு. அமெரிக்காவில் 1981இல் முதன்முதல் விவரிக்கப்பட்ட எய்ட்ஸ் நோய் நம் நாட்டில் இல்லை என்றே பலரும் எண்ணியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவை இது பற்றி ஆராயுமாறு தூண்டினார். பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடம் நிர்மலா குருதி மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது சிலவற்றில் எச்.ஐ.வி. தொற்று தெரிந்தது. இந்தியாவில் அது இருப்பதற்கு முதற்சான்று அதுவே. சில ஆண்டுகளுக்குள் தொற்றுடையோர் மருத்துவமனைக் கதவுகளைத் தட்டலாயினர். பல கதவுகள் திறக்கவில்லை. திறந்த கதவுகளுள் ஒன்று, சௌரிமுத்து தொடங்கிய அந்தத் தாம்பரத்து நிலையம். 1990களில் அது நாட்டிலேயே எச்.ஐ.வி. நோயாளிகள் பெருந்தொகையினராக வந்தடையும் இடமாயிற்று. இது தற்செயலன்று. வந்தவர்களுள் பலருக்கு உண்மையில் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது காசநோயே.

இரண்டும் ஏன் ஒன்றை ஒன்று தேடி வருகின்றன? காசநோய்க் கிருமி உடலில் புகுந்த எல்லோரையும் உடனே நோயாளியாக்குவதில்லை. உடலின் காப்பணுக்கள் அதனைச் சுற்றி அரண் அமைத்து அடக்கி வைக்கின்றன. பெரும்பாலோரிடம் அது வாழ்நாள் முழுதும் உறங்கியே கிடக்கும். நூற்றில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் என்றேனும் நோயாக மாறும். எச்.ஐ.வி.யோ அக்காப்பணுக்களையே அழிப்பது. அரண் இடிந்ததும் உறங்கிய கிருமி எழுகிறது. மருந்துண்ணாத எச்.ஐ.வி. உடையோரிடம் அந்த இடர், வாழ்நாளுக்கு என்பது போய், ஆண்டுக்கு அவ்வளவு என்றாகிவிடுகிறது. இதில் வேறொரு சூழ்ச்சியும் உண்டு. காப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலில் குழிகள் விழுவது குறைவு. எனவே சளியில் கிருமிகளும் குறைவு. நுண்ணோக்கியில் பார்ப்பவர் நோய் இல்லை என்று எழுதிவிடுவார். 1962இன் திட்டமோ அந்த நுண்ணோக்கியை நம்பியே எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்ட மூலக்கூறுச் சோதனை, இக்குறையைப் பெரிதும் நீக்கியது.

2001இல் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட 6 மாநிலங்களில் இரு திட்டங்களும் கூடிச் செயற்படத் தொடங்கின. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. மருந்துகளை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 8 நிலையங்களுள் தாம்பரமும் ஒன்று. பின்னர் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி. இடைவிட்டு மருந்து கொடுக்கலாம் என்று உலகுக்குச் சொன்ன அதே சென்னை நிறுவனம், எச்.ஐ.வி. உடைய காசநோயாளிகளுக்கும் அது பொருந்துமா என்று தன் பழைய முடிவையே சோதனைக்குட்படுத்தியது. தமிழ்நாட்டில் 331 நோயாளிகளிடம் நடந்த அவ்வாய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. நாள்தோறும் மருந்துண்டவர்களுள் நூற்றுக்கு 91 பேர் நற்பயன் பெற்றனர். வாரம் மும்முறை உண்டவர்களுள் 77 பேரே பெற்றனர். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி தோன்றியதும் இந்த இரண்டாம் பிரிவினரிடமே. இதற்குள் 2017இலேயே நாடெங்கும் எல்லாக் காசநோயாளிகளுக்கும் நாள்தோறும் மருந்து என்ற முறை வந்துவிட்டது. தன் புகழுக்கு அடிப்படையான முடிவையே ஐயுற்றுப் பார்க்கும் துணிவு நிறுவனங்களுக்கு எளிதில் வருவதன்று.

ஆனால் நாள்தோறும் மருந்து என்பது, நாள்தோறும் அம்மருந்து கையில் இருந்தால்தானே நடக்கும்? இங்கேதான் அத்திபெலே நினைவுக்கு வருகிறது. ஒருவர் கர்நாடகத்தில் காசநோய் மருந்தைத் தொடங்குகிறார், எச்.ஐ.வி. மருந்தை ஊர்ப்பக்கத்தில் தமக்கு அறிமுகமான நிலையத்தில் வாங்குகிறார். பொங்கலுக்குப் போனவர் அறுவடை முடியுமட்டும் தங்கிவிடுகிறார். இரு மாநிலம், இரு மொழி, இரு அட்டை. காசநோய் மருந்தான ரிபாம்பிசின் சில எச்.ஐ.வி. மருந்துகளின் வலிமையைக் குறைத்துவிடும். அதனால் டோலுடெக்ராவிர் மருந்தை அக்காலத்தில் நாளுக்கு இருவேளை கொடுக்க நேரிடுகிறது. ஒரு மருத்துவர் கொடுப்பதை மற்றவர் அறியாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்நோய்கள் பற்றிய துண்டறிக்கை ஒன்றை நாம் தமிழாக்கினோம். ‘கூட்டுத் தொற்று’ என்று இலக்கணம் வழுவாமல் எழுதினோம். அத்திபெலேத் தேநீர்க்கடையில் அதனைப் படித்த சேலத்துத் தொழிலாளி ஒருவர், “ஐயா, இது கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு வருவதா? நான் இங்கே தனியாகத்தானே இருக்கிறேன்” என்று கேட்டார். பிழை அவருடையதன்று, நம்முடையது. அடுத்த பதிப்பில் அச்சொல்லை அடித்துவிட்டு, ‘காசநோய் உள்ளவர் எச்.ஐ.வி. சோதனையும், எச்.ஐ.வி. உள்ளவர் காசநோய்ச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும்’ என்று எழுதினோம். நீளம்தான், ஆனால் அவர் தலையசைத்தார்.

2023ஆம் ஆண்டில் உலகில் காசநோயால் இறந்தோர் ஏறத்தாழ 12,50,000 பேர். அவர்களுள் 1,61,000 பேர் எச்.ஐ.வி. உடையோர். இரு நோய்களுக்கும் அரசு நிலையங்களில் மருந்து இலவசம். காசநோயாளிக்கு நிக்ஷய் என்னும் பதிவேட்டில் வழங்கப்படும் எண் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது. அதைச் சொல்லி, ஊர் மாறும்போது சிகிச்சையையும் மாற்றிக்கொள்ளலாம். எச்.ஐ.வி. நிலையத்திலும் இடமாற்றச் சீட்டு உண்டு. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதும், அதன் பொருட்டு வேலையிலிருந்து நீக்குவதும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. ஐயமிருப்போர் 1097 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசலாம். ஊருக்குப் புறப்படும் நேயர்கள் பயணச்சீட்டு வாங்கும் முன்பே மருந்து நிலையத்திற்குச் சென்று, போகுமிடத்தையும் திரும்பும் நாளையும் சொல்லிவிடுவது நலம். ஒரு மாதத்து மருந்து ஒரு சிறு பையில் அடங்கும்.