தூக்கிச் செல்லும் ஆர்கன்: துருத்திப் பெட்டியிலிருந்து மின்னணுக் கீபோர்டு வரை

உத்திரமேரூருக்கு வருவோர் பெரும்பாலும் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களைக் காணவே வருவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. நாம் அவ்வட்டாரத்திற்குச் சென்றதும் ஒரு சபையின் தீர்மானத்தை முன்னிட்டே. ஆனால் அது சோழர் காலச் சபையன்று. ஊருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூர்த் திருச்சபையில், ஆலயத்தின் பழைய ஆர்மோனியத்தை விற்றுவிட்டு மின்னணுக் கீபோர்டு ஒன்று வாங்கலாமா என்னும் கேள்வி எழுந்திருந்தது. ஆர்மோனியமே நம் முன்னோர் விட்டுச் சென்ற மரபு என்றனர் மூத்தோர். அது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பெட்டிதானே என்றனர் இளைஞர். இவ்விரு கூற்றுகளிலும் பாதி உண்மையே உண்டு என்பதை அன்று கூட்டத்தில் விளக்க நேரமில்லை. அதனை இங்கே எழுதத் துணிகிறோம்.

ஆர்மோனியத்தின் உயிர் அதன் நாக்குகளில் உள்ளது. ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை விடுபட்டிருக்கும் மெல்லிய பித்தளைத் தகட்டின்மீது காற்றுச் செல்லும்போது அது அதிர்ந்து ஒலிக்கிறது. இந்த உத்தி கிழக்கிலிருந்து மேற்கே சென்றது. சீனரின் ஷெங் என்னும் வாய்க்கருவியில் அது நெடுங்காலமாக இருந்தது. பாரிஸ் நகரில் அலெக்ஸாண்டர் டெபைன் என்பவர் 1840களின் தொடக்கத்தில் அதனை விசைப்பலகையோடும் கால்மிதித் துருத்தியோடும் இணைத்து, ஆர்மோனியம் என்று பெயரிட்டு உரிமை பெற்றார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிற்றாலயங்களுக்கு அது பெரும் பேறாயிற்று. எனவே, ‘மேல்நாட்டுப் பெட்டி’ என்று நாம் சொல்வதன் நாக்கு ஆசிய நாக்கு என்பதை இளைஞர் அறிந்துகொள்வது நன்று.

மூத்தோர் அறியவேண்டிய செய்தி வேறு. காஞ்சிபுரம், செங்கற்பட்டு வட்டாரங்களில் பள்ளிகளையும் சபைகளையும் தோற்றுவித்தவர்களில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் மிஷனரிமார் முதன்மையானவர்கள். அவர்களுடைய தாய்ச்சபையிலேயே ஆராதனையில் இசைக்கருவிக்கு இடமில்லாதிருந்தது. முன்பாடகர் ஒருவர் சங்கீதத்தைத் தொடங்க, சபையார் கருவியின்றித் தொடர்ந்து பாடுவதே அங்கு வழக்கம். எடின்பரோ நகரின் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் போதகர் ராபர்ட் லீ 1863ஆம் ஆண்டில் ஓர் ஆர்மோனியத்தை வைத்தபோது அதைக் குறித்துப் பெருத்த சர்ச்சை மூண்டது. அவர் நிலைநிறுத்தப்பட்ட ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்தவர். சுயாதீன சபையோ 1883ஆம் ஆண்டில்தான் இசைக்கருவிக்கு அனுமதி தந்தது. 1873ஆம் ஆண்டின் இறுதியில் மூடியோடு எடின்பரோவுக்கு வந்த ஐரா சாங்கி, சிறிய நாக்கு ஆர்கன் ஒன்றின்முன் அமர்ந்து தனியே பாடியது அந்நாட்டு மக்களின் மனத்தை இளக்கிய காரணங்களுள் ஒன்று. ஆகவே, நம் ஊர்களுக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த முதல் ஸ்காட்லாந்தியர் ஆர்மோனியத்தையும் கூடவே சுமந்து வந்தனர் என்று எண்ணுவது தவறாகும்.

தமிழ்க் கீர்த்தனைகளும் ஆர்மோனியத்தோடு பிறந்தவை அல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் கீர்த்தனைகளைப் பாடிய நாளில் இப்பெட்டி நம் நாட்டில் இல்லை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853ஆம் ஆண்டில் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோதும், அவை குரலையும் தாளத்தையுமே நம்பியிருந்தன. நாம் ‘பழைய முறை’ என்று போற்றுவது பெரும்பாலும் நம் பாட்டனார் கண்ட முறையே. அவர்தம் பாட்டனார் கண்டதன்று.

சுமந்து செல்லும் கருவி என்னும் தேவை இரு திசைகளில் எழுந்தது. அமெரிக்காவில் பீட்டர் பில்ஹார்ன் என்னும் சுவிசேஷப் பாடகர், கால்மிதி ஆர்கனைப் பெட்டிபோல மடித்துத் தூக்கிச் செல்லுமாறு 1880களில் அமைத்தார். தெருமுனைக் கூட்டங்களுக்கும் மிஷனரிகளின் பயணங்களுக்கும் அது பயன்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கல்கத்தாவில், துவார்க்கின் என்னும் இசைக்கருவி நிறுவனத்தை நடத்திய துவாரகாநாத் கோஷ் வேறு வழியில் சென்றார். அவர் கால்மிதியை நீக்கி, துருத்தியைப் பெட்டியின் பின்புறத்தில் அமைத்து, அதனை ஒரு கையால் இயக்கச் செய்தார். வாசிப்பவர் தரையில் சம்மணமிட்டு அமரலாம். சுமார் பத்துக் கிலோ எடையுள்ள பெட்டியைத் தலையில் வைத்தோ மிதிவண்டியில் கட்டியோ கொண்டு செல்லலாம்.

இம்மாற்றத்தை வெறும் வசதி என்று கருதலாகாது. துருத்தி காலிடம் இருந்தவரையில் இரு கைகளும் விசைப்பலகைக்கு உரியவை; ஆகவே நான்கு குரல் ஒத்திசையில் அமைந்த ஞானப்பாட்டுகளுக்குக் கால் ஆர்மோனியம் பொருந்தியது. துருத்தி கைக்கு வந்ததும் ஒரு கை இசையிலிருந்து விலகியது. எஞ்சிய கை ஒற்றை இசையோட்டத்தையே வாசிக்கும். அதுவோ நம் நாட்டு இசையின் இயல்பு. கல்கத்தாவில் ஒரு கையை எடுத்துவிட்டதனாலேயே ஆர்மோனியம் இந்தியக் கருவியாயிற்று என்பது நம் கருத்து. பில்ஹார்னின் பெட்டி மடக்கினாலும் மேல்நாட்டு ஆர்கனாகவே இருந்தது. கோஷின் பெட்டியோ இனம் மாறிவிட்டது.

தமிழகத்தில் அதனை ஊர் ஊராகச் சுமந்தவர்கள் உபதேசியார்கள் மட்டும் அல்லர். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்து இசை நாடக மேடையில் ஆர்மோனியக்காரரே பாதி நாடகத்தை நடத்தினார் எனலாம். எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக் குரலுக்கு அவருடைய தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்த புகழை முதியோர் கூறுவர். பிற்காலத்தில் பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்குச் சென்றபோதும் ஆர்மோனியம் உடன் சென்றது. அத்தம்பியருள் ஒருவரே இளையராஜா. உத்திரமேரூர் வட்டாரத்தினர் தொலைவில் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கட்டைக்கூத்தில் முகவீணை, மத்தளம், தாளம் ஆகியவற்றோடு ஆர்மோனியமும் விடியவிடிய ஒலிக்கிறது. கட்டைக்கூத்துச் சங்கம் 1990ஆம் ஆண்டில் தோன்றி, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இக்கலையைப் பேணிவந்துள்ளது. இரவு முழுதும் திறந்தவெளியில், ஒலிபெருக்கி வருமுன்னரே, உரத்த குரலுக்கு ஈடுகொடுத்த கருவி அது. மேடைக்கு மேடை செல்லும் விசைப்பலகைக் கலைஞரின் தேவைகள் யாவை என்று அறிய விரும்புவோர் ஒரு கூத்து ஆர்மோனியக்காரரிடம் அரைமணி நேரம் பேசினாற் போதும். தூக்கக்கூடிய எடை, கெட்டால் உள்ளூரிலேயே சரிசெய்யும் வசதி, மின்சாரத்தை எதிர்பாராமை, பாடுவோர் சுருதிக்கு இணங்குதல் என்னும் நான்கும் அவர் வாயிலிருந்து வந்துவிடும்.

ஆயினும் கற்றோர் ஆர்மோனியத்தை எளிதில் ஏற்கவில்லை. ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்துஸ்தான இசை பற்றிய நூலில் அதனைக் கடுமையாகச் சாடினார். தாகூர் தம் ஆசிரமத்திலிருந்து அதனை விலக்கினார். அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளிலிருந்து ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. அப்போது வானொலிக்குத் தலைமை வகித்தவர் லயனல் ஃபீல்டன் என்னும் ஆங்கிலேயர். அவருக்குக் கீழ் மேல்நாட்டு இசைப்பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபோல்ட்ஸும் முன்னரே அதற்கு எதிராக எழுதியிருந்தார். ஐரோப்பாவில் தோன்றிய கருவியை ஐரோப்பியரே இந்திய இசையின் தூய்மைக்காக விலக்கியது வரலாற்றின் விந்தை. தடை 1971ஆம் ஆண்டில்தான் நிபந்தனைகளோடு தளர்ந்தது.

குற்றச்சாட்டுகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, சுரத்திற்குச் சுரம் வழுக்கிச் செல்லும் கமகம் அதில் இயலாது. இது மறுக்கவியலாதது. வயலினும் மேல்நாட்டிலிருந்து வந்ததே. பாலுசாமி தீட்சிதர் கையில் அது கர்நாடக இசைக்கு வசமானதற்குக் காரணம், அதன் தந்தியில் விரல் தடையின்றி நழுவும் என்பதே. இரண்டாவது, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை நம் சுருதிகளுக்கு ஒவ்வாது என்பது. இங்கே ஒரு தமிழ்க் கிறிஸ்தவரின் குரலைக் கேட்க வேண்டும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 1912ஆம் ஆண்டு முதல் தம் ஊரில் இசை மாநாடுகள் கூட்டினார். 1916ஆம் ஆண்டில் பரோடா மாநாட்டிலும் தம் கொள்கையை எடுத்துரைத்தார். 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில், இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை மறுத்து, ஸ்தாயியைச் சமமாகப் பகுப்பதே பழந்தமிழர் கண்ட முறை என வாதிட்டார். அவருடைய முடிவை இசை அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆயினும், சம ஒலிப் பகுப்பு அந்நியர் சரக்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது என்பதற்கு அவ்வாதம் சான்று.

இனி மின்னொலிக்கு வருவோம். லாரன்ஸ் ஹாமண்ட் 1935ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்கன், சுழலும் பற்சக்கரங்களால் மின்னலைகளை எழுப்பியது. ஆலயங்கள் அதனைக் குழாய் ஆர்கனுக்கு மாற்றாக வாங்கின. அதன் புகழ்பெற்ற பி-3 வகை, மிதிகளும் இருக்கையும் சேர ஏறத்தாழ 190 கிலோ. அதை ஊர் ஊராகச் சுமந்த இசைக்குழுவினர் முதுகுவலியையும் உடன் சுமந்திருப்பர்.

டிரான்சிஸ்டர் வந்தபின் எடை குறைந்தது. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டில் வந்த வாக்ஸ் காண்டினென்டலும், இத்தாலியில் 1964ஆம் ஆண்டில் வந்த ஃபார்ஃபிசா காம்பேக்டும் இளைஞர் இசைக்குழுக்களுக்கெனவே செய்யப்பட்டவை. வாக்ஸில் நாற்பத்தொன்பது விசைகள். வழக்கமாக வெள்ளையாக இருப்பவை கறுப்பாகவும், கறுப்பாக இருப்பவை வெள்ளையாகவும் அமைந்தன. உள்ளே பன்னிரண்டு சுரங்களுக்குப் பன்னிரண்டு அலையியற்றிகள் மட்டுமே. கீழ் ஸ்தாயிகள் அவற்றைப் பகுத்துப் பெறப்படும். ஓர் அலையியற்றி சுருதி விலகினால் அச்சுரம் எல்லா ஸ்தாயிகளிலும் விலகும். ஆர்மோனியத்திலோ ஒரு நாக்கு கெட்டால் ஒரு விசையோடு போயிற்று. இவ்வகை ஆர்கன்களைத் தமிழ்த் திரையிசையாளரும் மெல்லிசைக் குழுவினரும் ‘காம்போ ஆர்கன்’ என்றனர். அவற்றின் விலை சிற்றூர்ச் சபைக்கு எட்டாதது. சென்னையில் வாடகைக்கு எடுப்பதே பலர்க்கு வழியாயிருந்தது. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976ஆம் ஆண்டில் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் குடும்பம் வாழ்ந்தது. அவர் மைந்தரே ஏ.ஆர். ரஹ்மான்.

கணக்கிடும் கருவிகள் செய்துவந்த காசியோ நிறுவனம் 1980ஆம் ஆண்டில் காசியோடோன் 201 என்னும் கீபோர்டை வெளியிட்டது. யமஹாவும் அதே காலத்தில் சிறு கீபோர்டுகளில் இறங்கியது. பின்னர்த் தபலா, தம்பூரா ஒலிகளும் இந்தியத் தாளங்களும் சேர்த்து நம் நாட்டுக்கென்றே பி.எஸ்.ஆர்.-ஐ வரிசையை அது செய்தது. இன்று கிராமத்து ஆலயங்களிலும் இத்தகைய கீபோர்டைக் காண்கிறோம்.

இதன் நன்மைகளை மறைக்க மாட்டோம். சுருதி பிசகாது. ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதியை ஏற்றவும் இறக்கவும் இயலும். பெண்கள் மிகுந்த சபைக்கு இது பெரிய உதவி. சுருதியை வளைக்கும் சக்கரம் உள்ள கீபோர்டுகளில், ஆர்மோனியத்தால் இயலாத கமகத்தின் சாயலையும் கொண்டுவரலாம். கே. சத்தியநாராயணன் இளமை முதலே கச்சேரி மேடைகளில் கீபோர்டில் கர்நாடக இசையை வாசித்து வருவதை அறியாதார் இல்லை.

நமக்குள்ள ஐயம் வேறிடத்தில் உள்ளது. கோஷ் எடுத்துவிட்ட இடக்கையைக் கீபோர்டு திருப்பித் தந்தது. தந்த கைக்கு வேலையும் அதுவே கொடுத்துவிட்டது. இடப்புறம் ஒரு விரல் வைத்தால் தானாக மேல்நாட்டு ஒத்திசையும் தாளமும் எழுகின்றன. பைரவியிலும் ஆனந்தபைரவியிலும் அமைந்த கீர்த்தனைக்கு அத்தானியங்கி ஒத்திசை இடும் சுரங்கள் அந்த இராகத்திற்குப் பகையாகலாம். ஆதிதாளக் கீர்த்தனைக்கு மூன்றடி வால்ட்ஸ் தாளம் ஓடியதை நாமே ஓர் ஆலயத்தில் கேட்டோம். சபையார் பொறுமையோடு பாடினர். இரண்டாம் சரணத்தில் கருவி முந்திற்று, மூன்றாம் சரணத்தில் சபை நின்றது. ஆர்மோனியக்காரர் சபையின் மூச்சைக் கேட்டுத் துருத்தியைத் தளர்த்துவார். தானியங்கித் தாளத்திற்குக் காது இல்லை. குற்றம் கருவியினுடையதன்று, பொத்தானை அழுத்தியவருடையதே என்று வாதிடலாம். ஆனால் பொத்தான் இருந்தால் அழுத்தத் தோன்றும்.

பறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வட்டாரச் சபைகளில் பல, ஒடுக்கப்பட்ட மக்களின் சபைகள். இழிதொழிலென்றும் சாவுமேளமென்றும் தங்கள்மேல் சுமத்தப்பட்ட பறையை ஆலயத்திற்கு வெளியே வைக்க அவர்களே விரும்பியதுண்டு. எந்தச் சாதியின் குலத்தொழிலும் அல்லாத ஆர்மோனியம் அவர்களுக்கு ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்கும் என எண்ணுகிறோம். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (பரட்டை) நாட்டுப்புற இசையையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்து இந்நிலையைக் கேள்விக்குட்படுத்தினார். அவர் 2005ஆம் ஆண்டில் மறைந்தார். கீபோர்டின் பொத்தானுக்குள் அடைபட்ட ‘நாட்டுப்புறத் தாளம்’ அவர் எழுப்பிய கேள்விக்கு விடையாகாது.

கூட்டத்தில் அன்று தீர்மானம் நிறைவேறவில்லை. இரண்டு மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தபோது நாக்குகள் நன்றாகவே இருந்தன. துருத்தியின் ஒரு மடிப்பை எலி கடித்திருந்தது. அதை ஒட்டித்தர ஆள் தேடும் பொறுப்பை மூப்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். மின்சாரம் நின்றாலும் மின்கலத்தில் இயங்கும் கீபோர்டு என்ன விலை என்று விசாரித்து வருவதாக ஓர் இளம்பெண் கூறினாள். ஆலயத்தில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தியே என்பதும், அவள் கற்றது அந்த எலி கடித்த பெட்டியில்தான் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தன.